ஓடும் மூங்கிலை அடக்க எது சரி: தகடா, கல்லா, பள்ளமா, தொட்டியா?

ஓசூர், மத்திகிரி, பாகலூர் பக்கம் சைட் வாங்கி வீடு கட்டிக் குடிவந்ததும் பலருக்கு முதலில் உறுத்துவது பக்கத்து வீட்டு மொட்டை மாடிதான். அங்கே துணி காயப்போடுகிறவர்களுக்கு நம் சமையலறை அப்படியே தெரியும். சுவரை உயர்த்தினால் காற்று வராது, மரம் வைத்தால் வளர ஏழெட்டு வருடம் ஆகும். அப்போது நர்சரிக்காரர் மூங்கிலைக் காட்டுவார். “ரெண்டு மூணு வருஷம் சார், சுத்தமா மறைச்சுடும்” என்பார். பொய்யில்லை, மறைத்துவிடும். அதற்கு அப்புறம் அது எங்கெல்லாம் போகும் என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

நட்டது மண்ணுக்கடியில் தண்டு விட்டு ஓடும் வகை மூங்கிலாக இருந்தால், நாலைந்து வருடத்தில் சம்ப் மூடிக்குப் பக்கத்தில் குருத்து எட்டிப் பார்க்கும். பக்கத்து வீட்டு ரோஜாவுக்கு நடுவில் ஒன்று வரும், கார் நிறுத்தும் இடத்தில் இன்டர்லாக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஒன்று வரும். யோசனை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: தகடு புதை, கல் இறக்கு, பள்ளம் வெட்டு, தொட்டியில் வை, பிடுங்கிப் போடு. ஐந்தும் வேலை செய்யும், ஐந்தும் ஏதாவது ஒரு இடத்தில் கோட்டை விடும். அதனால் இவற்றை ஒப்பிட நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: தண்டு தப்பித்துப் போகும்போது அது நம் கண்ணில் படுமா, படாதா? செலவும் உழைப்பும் அதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் தடுப்பைப் பற்றி யோசிக்கும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். சிலருக்குக் கவலை இங்கேயே தீர்ந்துவிடும். அஞ்செட்டி, ஒகேனக்கல் காடுகளில் இருக்கும் கல்மூங்கிலும், ஆற்றோரங்களில் நிற்கும் முள்மூங்கிலும் குத்தாக வளர்பவை. பரிசல் முடைகிற மூங்கிலும் அந்தச் சாதிதான். இவற்றின் நிலத்தடித் தண்டு குட்டையாகப் பருத்து, உடனே வளைந்து மேலே கிளம்பிக் கழியாகிவிடும். அதனால் புதுக் கழி பழைய கழியை ஒட்டியே வரும், குத்து மெல்ல அகலுமே தவிர ஓடாது.

ஓடும் வகை என்று நம் ஊர் நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் சீனாவிலிருந்து உலகெங்கும் போன ஃபில்லோஸ்டாக்கிஸ் இனம். அதன் நிலத்தடித் தண்டு விரல் பருமனில் மண்ணுக்குள் படுத்தபடியே போய்க்கொண்டிருக்கும். கணுவுக்குக் கணு ஒரு மொட்டு இருக்கும், எந்த மொட்டு எங்கே குருத்தாகும் என்று சொல்ல முடியாது. அடையாளம் காண்பது எளிது. கிளை விட்ட ஒரு கழியைப் பிடித்து, கிளை கிளம்பும் கணுவுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகி, அதில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடினால், அந்தக் கணுவில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கிளைகள் இருந்தால், அது ஃபில்லோஸ்டாக்கிஸ். நம் ஊர்க் குத்து மூங்கில்களில் கணுவுக்கு ஒரு கொத்துக் கிளை இருக்கும், அந்தப் பள்ளம் இருக்காது.

பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். ‘கோல்டன் பாம்பூ’ என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் விற்கின்றன. ஒன்று தடித்த மஞ்சள் கழியில் பச்சைக் கோடு விழுந்த பம்பூசா வல்காரிஸ், அது குத்து. இன்னொன்று மெலிந்த கழியோடு, அடியில் கணுக்கள் நெருங்கிக் கோணல்மாணலாக அடுக்கியிருக்கும் ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியா, அது ஓட்டம். பைக்குள் இருக்கும்போதே பையின் அடியைப் பாருங்கள். தாய்ச்செடியை விட்டு நாலு விரல் தள்ளி, பையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு முனை நீட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எப்படி நிறுத்துவது என்று புரியும். முதல் இரண்டு மூன்று வருடம் பெரிதாக ஒன்றும் நடக்காது. வேர் பிடித்துக்கொண்டிருக்கும். பலர் தைரியமாகிவிடுவது அப்போதுதான். அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில் தண்டு சில அடிகள் போகும், தெம்பான செடி என்றால் பத்தடியையும் தாண்டும். நல்ல செய்தி என்னவென்றால் அது ஆழமாகப் போவதில்லை. பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணுக்குள்தான் இருக்கும், எதிலாவது முட்டினால் மட்டும் பக்கவாட்டிலோ கீழேயோ வழி தேடும். நல்ல கான்கிரீட்டை அது உடைக்காது. ஆனால் ஒரு விரிசல், ஒரு இணைப்பு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து உதிர்ந்த ஒரு பொந்து இருந்தால் போதும். நம் பக்கத்துக் காம்பவுண்ட் சுவர்கள் சைஸ் கல் அஸ்திவாரத்தில் நிற்பவை. அதில் பொந்துக்குப் பஞ்சமில்லை.

மண்ணும் இதில் சேர்த்தி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் மேலே ஒரு அடி இரண்டு அடிதான் செம்மண், அதன் கீழே மொரம்பு என்கிற கெட்டிச் சரளை, அதற்கும் கீழே பாறை. மொரம்பில் தண்டு இறங்காது, அதனால் ஓடுவதெல்லாம் மேலேயே ஓடும். பார்ப்பதற்கு அது வசதி, தோண்டுவதற்குத்தான் கஷ்டம். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே தண்டு செழிக்கும். வாஷிங் மெஷின் தண்ணீர் போகிற பக்கம், செப்டிக் டாங்க் ஓரம், கசிகிற குழாய் எல்லாம் அதற்குக் கொண்டாட்டம். தர்மபுரி ஓசூரைப் போல உயரத்தில் இல்லை, ஏறத்தாழ அதில் பாதி உயரம்தான், அதனால் வெயில் அதிகம். கோடையில் தண்ணீர் ஊற்றாத மண் கல்லாகிவிடும் என்பதால் அங்கே ஓட்டம் கொஞ்சம் மட்டுப்படும். மூங்கிலின் அடியில் மட்டும் சொட்டுநீர் விட்டு, சுற்றி மூன்றடியைக் காயப்போட்டு வைப்பது எந்த ஊரிலும் செலவில்லாத உதவி. அது தடுப்பாகாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சரி, தகட்டுக்கு வருவோம். இணையத்தில் தேடினால் முதலில் வருவது எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் தகடுதான், வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் பரவலாக நம்புவதும் அதையே. மூங்கிலைச் சுற்றி இரண்டு முதல் இரண்டரை அடி ஆழத்துக்கு ஒரு வளையமாகப் புதைக்க வேண்டும். அடி திறந்தே இருக்கும், தண்ணீர் இறங்கிப் போக அதுதான் வழி. தடிமன் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற ஷீட் நம் மாவட்டங்களில் எல்லோருக்கும் பழக்கம், மிச்சம் மீதியும் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். கூர்முனைத் தண்டுக்கு அது போதாது. மடித்துப் போட்டாலும் மடிப்புக்குள் புகுந்து துளைக்கும். பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தகரம் சில வருடங்களில் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும்.

தகடு வாங்குவதைவிடப் பதிக்கும் முறை முக்கியம். மேல்விளிம்பு தரைக்கு மேலே இரண்டு அங்குலமாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டு விளிம்பைத் தாண்டி ஊர்ந்துவிடும், காய்ந்த இலை அதை மூடிவிடும், நமக்கும் தெரியாது. தகடு நேர்குத்தாக நிற்காமல், மேல்பக்கம் மூங்கிலை விட்டு வெளியே சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் முட்டுகிற தண்டு மேல்நோக்கித் திரும்பும். உள்ளே சாய்ந்துவிட்டால் அது கீழே போகும். இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு அடியாவது ஒன்றன் மேல் ஒன்று படிந்து, நடுவில் ஒட்டுநாடா கொடுத்து, இருபுறமும் பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தகடு கோட்டை விடுகிற இடம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இணைப்புதான். சதுரமாக மடிக்காமல் வளைவாகவே விடுங்கள், மூலைகளில் தண்டு குவிந்து முட்டிக்கொண்டே இருக்கும். கடைசியாக, வெளிப்பக்க மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்குங்கள். தகட்டை ஒட்டிக் காற்றுப் பொந்து இருந்தால் தண்டு அந்த வழியாகவே கீழே இறங்கும். உரமிட்ட பொலபொல மண்ணை உள்ளே மேல் ஒரு அடிக்கு மட்டும் போடுங்கள், தண்டு மேலேயே கிடக்கும்.

இவ்வளவும் செய்தால் தகடு பல வருடம் தாங்கும். ஐந்து வழிகளில் இதற்குத்தான் செலவு அதிகம், அதிலும் தகட்டை விடப் பள்ளம் தோண்டும் செலவுதான் கையைக் கடிக்கும். மொரம்பில் கடப்பாரை பிடிக்கிற ஆள் கூலியோ, ஜே.சி.பி. வாடகையோ குறைவில்லை. முப்பதுக்கு நாற்பது சைட்டில், வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி சந்தில், ஜே.சி.பி. நுழையவே நுழையாது. என் கேள்வியை இங்கே கேட்டால்: மேல்விளிம்பைத் தாண்டினால் தெரியும், அடியில் போனால் தெரியாது. பாதிக் கண்.

கல்லுக்கு நம் மாவட்டத்தில் தனி மோகம். கல்லுக்கால் நட்டு வேலி போட்ட ஊர், பலகைக் கல்லும் கிரானைட் ஆலைகளின் ஓரத்துண்டும் மற்ற ஊர்களை விட மலிவு. இரண்டடிப் பலகைக் கற்களை வரிசையாகப் புதைத்துச் சாந்து பூசினால் மூங்கில் தாண்டாது என்று மேஸ்திரி உறுதியாகச் சொல்வார். கல்லை அது துளைக்காது, வாஸ்தவம். ஆனால் மூன்றடிக்கு ஒரு இணைப்பு வரும். மழைக்கு ஊறி வெயிலுக்குக் காய்கிற மண் அசையும்போது சாந்து கீறும். மயிரிழைக் கீறலில் முனையை நுழைத்த தண்டு உள்ளே பருக்கும்போது கீறல் வாயைத் திறக்கும். கம்பி கட்டி ஒரே வார்ப்பாக ஊற்றிய நாலு அங்குல கான்கிரீட் இதைவிட மேல், ஆனாலும் வருடங்கள் போகப் போக அதுவும் விரியும். கல்தான் வேண்டும் என்றால், கல்லின் உள்பக்கம் முழுக்க ஒரே தகட்டை விரித்துவிடுங்கள். கல் தாங்கும், தகடு தடுக்கும். அழகும் கூட, மேலே வெளித்தெரிகிற கல்லில் உட்காரலாம். தகடு இல்லாத வெறும் கல்லுக்கு என் ஓட்டு இல்லை.

பள்ளம் வெட்டும் முறை பார்க்கச் சாதாரணமாக இருப்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐந்தில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். மூங்கிலிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, ஒரு அடி ஆழம், ஒரு அடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, திறந்தே விடுவது. மண்ணுக்குள் ஓடி வரும் தண்டு பள்ளத்தின் சுவரில் வெளியே வந்து அந்தரத்தில் நிற்கும். வெட்டிவிட வேண்டியதுதான். தளி, ஜவளகிரி பக்கம் காட்டோரம் வெட்டியிருக்கும் யானை அகழியைப் பார்த்தவர்களுக்கு இதன் பலமும் பலவீனமும் உடனே புரியும். கரை சரிந்து மண் மேடிட்ட இடத்தில்தான் யானை கடக்கும், இங்கேயும் அப்படியே. சருகும் மண்ணும் சேர்ந்து பள்ளம் தூர்ந்துவிட்டால் தண்டு அதன் மேலேயே நடந்து போய்விடும்.

வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் போதும். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் ஒன்று, மழையெல்லாம் ஓய்ந்து போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒன்று. மண்வெட்டியால் சருகை வழித்துப் போட்டுவிட்டு, பள்ளத்தின் உள்சுவரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். புதுத் தண்டு வெளிர் மஞ்சளாக, ஈட்டி முனையோடு, செதில் செதிலாக உறை போர்த்தி இருக்கும். கணுவில் சின்ன வேர்கள் வட்டமாக முளைக்கத் தொடங்கியிருக்கும். மற்ற மர வேருக்குக் கணு கிடையாது என்பதால் குழப்பம் வராது. இளசாக இருக்கையில் அரிவாளில் ஒரே வெட்டு, முற்றிவிட்டால் ரம்பம் வேண்டும். வெட்டிய துண்டைப் பள்ளத்திலேயே விடாமல் எடுத்துவிடுங்கள். குனிய முடியாதவர்கள் பள்ளத்தை ஆற்று மணலால் நிரப்பி, அந்த இரண்டு நாளும் மண்வெட்டியைச் செங்குத்தாக மணலில் இறக்கிக்கொண்டே போகலாம். எங்கே தடுக்கிறதோ அங்கே தண்டு. குழந்தைகள் விழுவார்கள் என்ற பயமும் மணலால் போய்விடும். செலவு ஏறத்தாழ இல்லை. தப்பிப்பது எல்லாம் கண்ணில் படும். ஆனால் ஒரு வருடம் ஊருக்குப் போய்விட்டால், வாடகைக்கு விட்டுவிட்டால், இந்த முறை செத்தது.

தொட்டிக்கு வந்தால், சிமெண்ட் உறையில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கிணற்று உறையை மண்ணில் புதைத்து நடுவில் மூங்கிலை நட்டால், அடி திறந்திருப்பதால் தண்டு அடி வழியாகப் போகும். இரண்டு உறைகளை அடுக்கினால் நடு இணைப்பு வழியாகப் போகும். பாதியாக அறுத்த நீல டிரம்மைப் புதைத்தாலும் வடிகால் துளை ஒன்று போதும். புதைத்த தொட்டி எதுவானாலும் என் கேள்விக்கு விடை ‘கண்ணில் படாது’ என்பதே. தரைக்கு மேலே, நாலு ஹாலோ பிளாக்கின் மேல் நிற்கிற தொட்டி வேறு விஷயம். துளையில் முனை நீட்டினால் அன்றைக்கே தெரியும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் நீளத் தொட்டியாகக் கட்டினால் திரையும் கிடைக்கும், சுவருக்கும் ஆபத்தில்லை.

தொல்லை வேறு விதத்தில் வரும். தொட்டி மூங்கில் தண்ணீருக்கு அழும். சித்திரை வைகாசியில் தினமும் ஊற்ற வேண்டும், ஓசூரில் டேங்கர் தண்ணீர் வாங்குகிற வீடு என்றால் யோசியுங்கள். ஆடிக் காற்றுக்கு உயரமான கழி தொட்டியோடு சாயும், எட்டடிக்கு மேல் விடாமல் நுனியை வெட்டி வைப்பது நல்லது. வெட்டிய கழி மறுபடி உயராது, பக்கக் கிளையில்தான் அடர்த்தியாகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து, வேர்க்கட்டியை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, பாதியைப் புது மண்ணில் திரும்ப வைக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. மண் தரையே இல்லாத வீட்டுக்கும், வாடகை வீட்டுக்கும் இதைத்தான் சொல்வேன்.

இனி, எடுத்தே விடுவது. ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்ட மூங்கிலுக்கு வேறு எதுவும் சரிவராது. “அண்ணா, உங்க மூங்கில் எங்க சம்ப்புகிட்ட வந்துடுச்சு” என்று அந்த வீட்டு அக்கா சுவர் மேலே எட்டிச் சொன்ன பிறகு தகடு பதிப்பதில் அர்த்தமில்லை. முதலில் சுவரோரமாக ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, அந்தப் பக்கம் போகும் எல்லாத் தண்டையும் அறுங்கள். தாயிடமிருந்து பிரிந்த தண்டில் வருகிற குருத்தை இலை விரியும் முன்பே அவர்கள் ஒடித்துக்கொண்டே வந்தால், சேர்த்து வைத்த சத்து தீர்ந்து அது சாகும். நம் பக்கமும் அதே கதை. கழியெல்லாம் வெட்டி, நல்ல மழைக்கு அடுத்த நாள் மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் நெம்பி எடுக்கலாம். விட்டுப்போன துண்டுகள் குருத்து விடும், அவற்றை ஒடிக்க வேண்டும். ஒன்றிரண்டு வருடப் பொறுமை. களைக்கொல்லி அடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அது ஒருபுறமிருக்க, சம்ப்புக்கும் போர்வெல்லுக்கும் பக்கத்தில் அதை ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எடுத்த இடத்தில் குத்து வகையை வைத்தால் திரை மறுபடியும் கிடைக்கும். வேலி மூங்கில் என்கிற பம்பூசா மல்டிப்ளெக்ஸ் மெலிந்த கழியோடு அடியிலிருந்தே இலை அடர்ந்து நிற்கும், ஓசூருக்கு அருமையாக ஒத்துக்கொள்ளும். தர்மபுரி வெயிலுக்குத் தாய்லாந்து மூங்கில் என்கிற தைர்சோஸ்டாக்கிஸ் நல்லது, நெருக்கமான குத்து, நேரான கழி. ஆனால் இது இருபது அடியைத் தாண்டிப் போகும், மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். முள்மூங்கிலை வீட்டு மனையில் யாரும் வைக்க வேண்டாம், அது பண்ணை வேலிக்கு. குத்து வகை என்றாலும் சுவரிலிருந்து நாலடி தள்ளி நடுங்கள். குத்து அகலும்போது சுவரைத் தள்ளும் பலம் அதற்கு உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டை ஒட்டிய வீடு என்றால் எந்த மூங்கிலும் வேண்டாம் என்பது என் கட்சி. யானைக்கு மூங்கில் பிடித்த தீனி, கேழ்வரகுக் கொல்லைக்கு வருவதே போதும்.

என்னைக் கேட்டால் எதை எங்கே வைப்பேன்? முப்பதுக்கு நாற்பது சைட்டில் ஓடும் மூங்கிலை மண்ணில் நடவே மாட்டேன், தரைக்கு மேலே தொட்டி அல்லது குத்து வகை. அரை கிரவுண்டுக்கு மேல் திறந்த தோட்டம் இருந்து, ஏற்கெனவே ஆசையாக வளர்த்த மூங்கில் இருந்தால், பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கும் பக்கம் மட்டும் தகடு, நம் தோட்டப் பக்கம் திறந்த பள்ளம். தகட்டின் இரண்டு முனையும் பள்ளத்துக்குள் வந்து முடிய வேண்டும், அப்போது முனையைச் சுற்றி வரும் தண்டும் பள்ளத்தில் மாட்டும். சுற்றிலும் தகடு பதிப்பதில் பாதிச் செலவுதான் இதற்கு, கண்ணில் படாத பக்கம் ஒன்றே ஒன்றாகக் குறைந்துவிடும். ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தடுப்பே தேவையில்லை, சுற்றி வருடா வருடம் டிராக்டர் ஓட்டும் நிலம் இருந்தால் அந்த உழவே பள்ளத்தின் வேலையைச் செய்யும்.

எந்த வழியில் போனாலும் வெட்டியெடுத்த தண்டு கூடை கூடையாகச் சேரும். அதை ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்ட வேண்டாம். மொட்டு உள்ள ஒரு துண்டு ஈர மண்ணில் விழுந்தால் அங்கே ஒரு புது மூங்கில். மொட்டை மாடியில் பரப்பி, கோடை வெயிலில் இரண்டு மூன்று வாரம் சுக்காகக் காயப்போட்டால் மொட்டு செத்துவிடும். அப்புறம் வெந்நீர் அடுப்புக்கு நன்றாக எரியும். கழியையும் அடுப்பில் வைப்பதானால் ஒவ்வொரு கணுவிடையையும் பிளந்த பிறகே வையுங்கள், மூடிய கணுவிடைக்குள் காற்று சூடேறினால் பட்டாசு போல வெடிக்கும்.